தையல் வழியாக வந்த மழை

காலண்டரில் கத்திரி மே 4-ம் தேதிதான் ஆரம்பிக்கும். வேலூரில் அது ஏப்ரலிலேயே வந்து திண்ணையில் உட்கார்ந்துவிடும். சுற்றிலும் மொட்டைப் பாறை மலை, பாலாறு என்ற பெயரில் மணல், நடுவில் நாங்கள். என் தையல் கடைக்குத் தகரக் கூரை. மதியம் இரண்டு மணிக்கு மிஷின் தலையில் கை வைத்தால் சுடும். ஜாக்கெட் துணியில் வியர்வை சொட்டாமல் இருக்கக் கழுத்தில் ஒரு துண்டு, மடியில் ஒரு துண்டு. அப்படி இருந்த ஒரு வியாழக்கிழமை தம்பி போன் பண்ணினான்.

"யக்கா, டென்ட் ஒண்ணு வாங்கிகிறேன். சனிக்கிழமை ஏலகிரி போயி படுத்துனு வரலாமா? மேல ஜில்லுனு இருக்கும்."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். "இங்க ஃபேன் கீது, கட்டில் கீது. அதெல்லாம் வுட்டுட்டு மண்ணுல போயி இன்னாத்துக்குப் படுக்கணும்?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் நான் அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே பதின்மூன்று வயது மகன் பள்ளிப் பையைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, டார்ச்சும் டி-ஷர்ட்டும் அடைத்துக்கொண்டிருந்தான். ஆக நான், மகன், தம்பி. மூணு பேர்.

காட்டுக்குள் எல்லாம் இல்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீ சுற்றி வளைத்து, மலை ஏறப் போன அத்தனை பேர் இறந்ததற்குப் பிறகு எனக்குக் காடு என்றாலே வயிற்றில் ஒரு பிடி. கோடையில் சருகு நெருப்புக்குக் காத்திருக்கும். தவிர, வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போய்ப் படுக்கவும் கூடாது. நாங்கள் போனது தம்பியின் சிநேகிதர் வீட்டுப் பட்டா நிலம். நிலாவூர் பக்கம், ஆறேழு பலா மரம், ஒரு கிணறு, காவலுக்கு ஓட்டு வீட்டில் ஒரு தாத்தாவும் ஆயாவும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள்.

ஆம்பூரில் நிறுத்திப் பிரியாணி வாங்கினோம். சீரகச் சம்பா, பக்கத்தில் கத்திரிக்காய். கல்யாணத்துக்கு முன்னால் ஆறு வருஷம் அந்த ஊரில் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற வேலை பார்த்தவள் நான். பஸ் ஸ்டாண்டைக் கடக்கும்போது இன்னமும் மூக்கில் தோல் வாசனைதான் முதலில் வரும், பிரியாணி அப்புறம்.

பொன்னேரியில் திரும்பினால் மலைப்பாதை. பதினாலு கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பேர். கம்பர், ஔவையார், பாரி, ஓரி, அதியமான் என்று மகன் போர்டு படித்துக்கொண்டே வந்தான். பேகன் போர்டு வந்ததும், "மயிலுக்குப் போர்வை குடுத்தாரே அவருதானேம்மா?" என்று கேட்டான். "ஆமாம்டா. இந்த வெக்கையில மயிலே வேணாம்னு இருக்கும்" என்றான் தம்பி. இந்தப் பேகனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ராத்திரிக்குத் தேவைப்படுவார்.

மலை ஆயிரம் மீட்டருக்கு மேலே. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரியாவது குறையும் என்பது கணக்கு. குறைந்திருக்கும். ஆனால் அன்று காற்று என்பதே இல்லை. பலா இலை ஒன்றுகூட அசையவில்லை. கீழே இருப்பது சுடும் வெயில் என்றால் இது இறுக்கம். ஈரத் துணியை மூஞ்சியில் போட்டு அமுக்குகிற மாதிரி. வண்டியிலிருந்து சாமான் இறக்குவதற்குள் புடவை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தும்பி எல்லாம் இடுப்பு உயரத்தில் பறந்துகொண்டிருந்தது. கிணற்று மேட்டில் எறும்பு வரிசை, ஒவ்வொன்றின் வாயிலும் வெள்ளையாக ஒரு முட்டை. "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை" என்று நாலாம் வகுப்பில் எழுதிப் படித்தவள்தான் நான். அழகாக இருக்கிறதே என்று போட்டோ எடுத்தேன். எடுத்துவிட்டு அந்த எறும்பு எந்தப் பள்ளத்தைக் காலி பண்ணிவிட்டு ஏறுகிறதோ அதே பள்ளத்தில் போய் டென்ட் போட்டோம்.

தெரிந்தே போடவில்லை. அந்த இடம்தான் சமமாக இருந்தது. கல் இல்லை, மண் மெத்து மெத்தென்று இருந்தது, முளை அடித்தால் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. ஆயா முறத்தைக் கையில் வைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "அங்க வாணாம் கண்ணு. அது தண்ணி படுக்குற எடம்" என்றாள். தண்ணி படுக்கிற இடம் என்றால் குளிர்ச்சியாக இருக்கும் என்று நான் அர்த்தம் பண்ணிக்கொண்டேன். "பரவாயில்ல ஆயா, ஒரு ராத்திரிதானே" என்றான் தம்பி. அவள் அதற்கு மேல் பேசவில்லை.

டென்ட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி என்று வந்துவிட்டால் எனக்குக் கை சும்மா இருக்காது. உள் கூடாரம் ஒன்று. அதற்குத் தலைப் பக்கம் முழுக்கக் கொசுவலை. அதன் மேலே போர்த்த ஒரு மழைத்துணி, அதுதான் கூரை. துணியில் ஒரு லேபிள், அதில் 1000 மி.மீ. என்று போட்டிருந்தது. அந்தத் துணி மேல் ஆயிரம் மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றாலும் ஊறி இறங்காது என்று அர்த்தம். நல்ல கூடாரத்துக்குத் தரையில் இன்னும் கூட இருக்கும். நான் பார்த்தது வேறு. தரைத் துணியை வெளியே திருப்பித் தையலைப் பார்த்தேன். இரண்டு துணி சேரும் இடத்தில் ஓடுகிற தையலுக்கு மேல் உள்பக்கம் ஒரு டேப் ஒட்டியிருக்க வேண்டும். கூரையில் ஒட்டியிருந்தது. தரையில் இல்லை.

"டேய், தையல் தொறந்து கீது."

"அது டென்ட்டு யக்கா, ஜாக்கெட் இல்ல."

சரி என்று விட்டுவிட்டேன். ஷூ கம்பெனியில் சேர்ந்த முதல் நாள் சூப்பர்வைசர் அம்மா சொல்லித் தந்தது அது: துணியில் தப்பாகத் தைத்தால் பிரித்து நீவிவிட்டால் ஓட்டை மூடிக்கொள்ளும், தோலில் ஊசி இறங்கினால் இறங்கியதுதான். பூச்சு போட்ட நைலானும் தோலின் ஜாதிதான். ஒவ்வொரு தையலும் ஒரு ஓட்டை. அங்குலத்துக்கு எட்டு.

ஆறு மணிக்கும் இறுக்கம் குறையவில்லை. டென்ட்டுக்குள் தலையை விட்டால் இட்லிப் பானை. தம்பி யோசித்தான், யோசித்து மழைத்துணியை உருவினான். "வலை வழியா காத்து வரும்க்கா. நட்சத்திரமும் பாக்கலாம்." உருவியதை மடித்து வைத்திருந்தாலாவது சரி. முள் குத்தாமல் இருக்கட்டும் என்று டென்ட்டைத் தூக்கி அதற்கு அடியில் விரித்தான். நாலு பக்கமும் ஒரு சாண் வெளியே துருத்திக்கொண்டிருந்தது. பேகன் மயிலுக்குப் போர்த்தினார். என் தம்பி டென்ட்டின் போர்வையை உருவி அதன் காலடியில் போட்டான். நானும் கூட நின்று மூலையை இழுத்து விட்டேன், பொய் சொல்லக் கூடாது.

ஒன்பதரைக்குப் பிரியாணி சாப்பிட்டோம். கீழே ஜோலார்பேட்டை விளக்குகள். அந்தப் பக்கம் வானம் சத்தமே இல்லாமல் மினுக்கிக்கொண்டிருந்தது, பழைய டியூப்லைட் பற்றிக்கொள்ளாமல் துடிப்பது மாதிரி. மகன் எண்ண ஆரம்பித்தான். மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை நொடியோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முதலில் எண்ணிப் பார்த்தும் இடியே கேட்கவில்லை. பத்தரைக்கு முப்பத்தாறு. கொஞ்ச நேரத்தில் இருபத்தேழு.

"முப்பதுக்குக் கீழ வந்தா வெளிய இருக்கக் கூடாதுன்னு எங்க சார் சொன்னாரும்மா."

"அது மலைக்கு அந்தாண்ட பெய்யுதுடா. நீ படு" என்றேன்.

அவன் படுத்தான். எண்ணுவதை நிறுத்தவில்லை, உதடு அசைவது தெரிந்தது.

பதினொன்றே முக்கால் இருக்கும். பொத்தென்று பூமியில் ஒரு அடி. எழுந்து உட்கார்ந்தேன். இடி என்று நினைத்தால் இடி இல்லை, முப்பது அடி தள்ளி ஒரு பலாப்பழம் விழுந்திருக்கிறது. காற்றே இல்லாமல் எப்படி விழுந்தது என்று யோசிப்பதற்குள் காற்று வந்துவிட்டது. அதுவும் எப்படி? ஐஸ் பெட்டியைத் திறந்த மாதிரி. ஒரு நிமிஷம் முன்னால் வழிந்துகொண்டிருந்த வியர்வை முதுகில் சில்லிட்டது. மேகத்திலிருந்து இறங்குகிற மழையில் பாதி வழியிலேயே ஆவியாகி, அந்தக் காற்றைக் குளிர வைத்து, குளிர்ந்தது கனமாகித் தரையில் வந்து மோதி நாலாபக்கமும் ஓடுமாம். மகன் அப்புறம் படித்துச் சொன்னான். பகல் பூரா கடல் பக்கமிருந்து வந்த ஈரமும் எங்களைப் போட்டு அமுக்கிய அந்தச் சூடும் சேர்ந்துதான் அந்த மேகமே. அப்போது இதெல்லாம் யாருக்குத் தெரியும். மண் வாசனை வந்தது, "ஆகா" என்றேன். அந்த "ஆகா" முடிவதற்குள் டென்ட் கம்பி வளைந்து கூரை என் மூக்கைத் தொட்டது.

முதல் துளிகள் கொசுவலை வழியாக விழுந்தன. ஒவ்வொன்றும் புளியங்கொட்டை சைஸ். "மழைத்துணிய போடுடா!" என்று கத்தினேன். "நீங்க அது மேல படுத்துனு கீறீங்க!" என்று அதற்குள் வெளியே ஓடியிருந்த தம்பி கத்தினான். உண்மைதான். அவன் ஒரு மூலையைப் பிடித்து இழுத்தான். மூணு ஸ்லீப்பிங் பேக், பிரியாணி டப்பா, நான், மகன் எல்லோரும் சேர்ந்து அரை அடி நகர்ந்தோம். துணி வரவில்லை. அவன் மறுபடி இழுத்தான். மகனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த மழையில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கும் வந்துவிட்டது. வெளியே நிற்கிறவனுக்குக் கோபம்.

அப்போதுதான் முட்டிக்குக் கீழே தரை எழும்பியது. நிஜமாக எழும்பியது. அடியில் விரித்த துணியின் துருத்திய ஓரம் மழையை ஏந்தி ஏந்தி உள்ளே தள்ளியிருக்கிறது, மேட்டிலிருந்து வந்த தண்ணீரும் தன் இடத்துக்குப் படுக்க வந்திருக்கிறது. உள்ளங்கையால் தரையை அழுத்தினால் அலை போய் எதிர்ப்பக்கம் மகனைத் தூக்குகிறது. டார்ச்சை அடித்துத் தையலைப் பார்த்தேன்.

அந்தக் காட்சியை நான் மறக்க மாட்டேன். நேர்க்கோடாக ஓடுகிற தையல், ஒவ்வொரு ஊசி ஓட்டையிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் மேல்நோக்கி முளைத்து நின்றது. அங்குலத்துக்கு எட்டு. முத்து கோத்த மாதிரி, மூலைக்கு மூலை. ஒரு நொடி எல்லாம் அப்படியே நின்றது. மகன் அசைந்தான், கீழே தண்ணீர் அழுந்தியது, அத்தனை முத்தும் ஒரே நேரத்தில் உடைந்து சின்னச் சின்ன ஊற்றாகக் கிளம்பியது. கல்யாண ஜாக்கெட்டில் முத்து வைத்துத் தைப்பதற்கு ஒரு ராத்திரி ஆகும் எனக்கு. இதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

வெளிச்சத்துக்குப் பின்னாலேயே சத்தமும் வந்தது. மகன் "ரெண்டு" என்றான், சிரிப்பெல்லாம் போயிருந்தது. வண்டி சாவி எந்தப் பையில் என்று தம்பிக்கு ஞாபகம் இல்லை. அந்தத் தேடலை எழுத மாட்டேன், எழுதினால் தம்பி படிப்பான்.

ஓடும்போது ஓட்டு வீட்டு வாசலில் மின்னல் வெளிச்சத்தில் ஆயா தெரிந்தாள். கடப்பாரையைத் தூக்கி முற்றத்தில் எறிந்துவிட்டு, "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்தினாள். எங்களையும் கூப்பிட்டாள், மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. கைதான் தெரிந்தது.

வண்டிக்குள் மூணு ஈர உருப்படி. கதவைச் சாத்தியதும் கண்ணாடி எல்லாம் மூச்சில் மூடிவிட்டது. "டயரு ரப்பர், அதனால கரன்ட் பாயாது" என்று தம்பி தைரியம் சொன்னான். "டயர் இல்ல மாமா, மேல இருக்கிற தகரம். மின்னல் தகரத்து மேலயே ஓடி எறங்கிடும். கம்பியத் தொடாம உக்காருங்க" என்றான் மகன். தம்பி மெதுவாகக் கதவுக் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தான். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கணும் என்பதும் மகன் போட்ட உத்தரவுதான். இந்தத் தடவை யாரும் மறுத்துப் பேசவில்லை.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இந்த ஆண்பிள்ளைகளுக்கு மட்டும் எங்கிருந்துதான் தூக்கம் வருகிறதோ. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாலு. ஆறு. மறுபடி மூணு.

சின்ன வயசில் எங்களுக்கு வெளியே படுப்பது புதுசே இல்லை. சைதாப்பேட்டை வாடகை வீட்டில் கோடை பூரா மொட்டை மாடிதான். சாயங்காலம் நாலு வாளித் தண்ணி தெளித்துச் சூடு இறக்கி, பாய் போட்டு வரிசையாகப் படுப்போம். அப்பா ஓரத்தில், படிக்கட்டுப் பக்கம். அவர் பஸ் கண்டக்டர், விடிகாலை நாலு மணிக்கு டூட்டி. சில ராத்திரி திடீரென்று "எந்திரிங்க, பாயச் சுருட்டு" என்பார். வானத்தில் ஒன்றும் இருக்காது. திட்டிக்கொண்டே படி இறங்குவோம். கடைசிப் படியில் கால் வைக்கும்போது மேலே சடசடவென்று விழும். ஒரு தடவைகூட நாங்கள் நனைந்ததில்லை. அப்பாவுக்கு மழை முன்கூட்டியே சொல்லிவிட்டு வருகிறது என்று நானும் தம்பியும் ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

கண்ணாடியைத் துடைத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தபோது மணி ஒன்றரை. எட்டு. பதினொன்று. அந்த மனுஷன் கோடை முழுக்கத் தூங்கியே இருக்க மாட்டார் என்று அப்போதுதான் தோன்றியது. தம்பியை எழுப்பிச் சொல்லலாமா என்று பார்த்தேன். வாயைத் திறந்துகொண்டு தூங்கினான், அப்பா மாதிரியே. விட்டுவிட்டேன்.

இரண்டே காலுக்கு ஐம்பது எண்ணியும் சத்தம் இல்லை. கண்ணாடியை இறக்கினேன். குளிரும் கொசுவும் ஒன்றாக உள்ளே வந்தன.

காலையில் டென்ட் ஒரு குட்டையில் உட்கார்ந்திருந்தது. முழுக்க ஈசல் இறக்கை, ஈரத் துணியில் ஒட்டிக்கொண்டு கண்ணாடித் தாள் மாதிரி மின்னியது. எறும்புகள் திட்டின் மேல் சௌகரியமாக இருந்தன. ஆயா மூணு டம்ளர் வரக்காப்பி கொண்டுவந்தாள். குட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "சக்கர பத்துமா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள். ராத்திரி விழுந்த பலாப்பழம் வெடித்துக் கிடந்தது. தாத்தா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு சுளை எடுத்துக் கொடுத்தார். நல்ல பழம், தேன்.

வீட்டுக்காரர் கதவைத் திறந்து எங்களைப் பார்த்தார். ஃபேனைப் பார்த்தார், கட்டிலைப் பார்த்தார். வாயைத் திறக்கவில்லை. அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

டென்ட் இப்போது என் கடையில் கிடக்கிறது. தம்பி தூக்கிப் போடச் சொன்னான், எனக்கு மனசு வரவில்லை. மேலே இன்னொரு தையல் போட்டால் இன்னும் எட்டு ஓட்டைதான், மிஷினுக்கு இதில் வேலை இல்லை. முதலில் சிலிக்கான் பசை தடவிப் பார்த்தேன். காய்ந்ததும் வெயிலில் உரிகிற தோல் மாதிரி நீளமாகக் கழன்று வந்தது. உள்ளே பூசியிருப்பது பி.யூ., அதாவது பாலியூரித்தேன், அதற்கு பி.யூ. பசைதான் பிடிக்கும். ஆம்பூரில் பழைய சிநேகிதியிடம் கேட்டு ஒரு டப்பா வாங்கி, சின்ன பிரஷ்ஷால் ஒவ்வொரு ஓட்டையாக அடைத்தேன். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் காத்திருந்தார்கள்.

நேற்று மொட்டை மாடியில் தரைத் துணியை நாலு கொடிக் கயிற்றில் தொட்டில் மாதிரி கட்டி மூணு வாளித் தண்ணீர் ஊற்றினோம். மகன் கீழே மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம், "அம்மா, மூலைக்கிட்ட ஒண்ணு" என்றான். குனிந்து பார்த்தேன். ஒரே ஒரு தையல். அவன் நெற்றியில் சொட்டிக்கொண்டிருந்தது, அவன் நகராமல் எண்ணிக்கொண்டிருந்தான்.